முட்டைக்கண்ணன் பின்னால் நகர்ந்தபோது

சபையில உள்ளவங்களுக்கு வணக்கம். முதல்ல ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிடறேன். என்னைக் கார்ல கூட்டிட்டு வந்து மண்டப வாசல்ல விட்டாங்க. எனக்கு இறங்கத் தெரியலை. கதவுல எதைப் பிடிச்சு இழுக்கிறதுன்னே புரியலை, எல்லாம் வழவழன்னு ஒரே மாதிரி இருக்கு. டிரைவர் தம்பி காபி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் உள்ளேயே உக்காந்து, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டிருந்தேன். அவங்களும் என்னமோ நான் பெரிய மனுசன்னு திருப்பிக் கும்பிட்டாங்க.

சிரிங்க, சிரிங்க. அப்படி மாட்டிக்கிட்டு இருந்தப்பதான் ஒரு கார்க் கதை ஞாபகம் வந்துச்சு. சின்னதுதான், சாம்பார் ஆறுறதுக்குள்ள முடிச்சுடுவேன். மாப்பிள்ளை, பொண்ணு... இது உங்களுக்குத்தான்.

எங்க சேலத்துல தெய்வசிகாமணின்னு ஒருத்தர், இரும்புக்கடை வெச்சிருக்காரு. அவர்கிட்ட ஒரு கார். அந்தக் காலத்துக் கார் மாதிரியே புதுசா செஞ்சு விட்டான் ஒரு கம்பெனிக்காரன். முன்னாடி ரெண்டு உருண்டை லைட்டு, முழிச்சுப் பாக்கிற கண்ணு மாதிரி. அதுக்கு நடுவுல வெள்ளி மீசையாட்டம் ஒரு குரோம் பட்டை. பின்பக்கம் ஆமை ஓடு கணக்கா ஒரு வளைவு. மேல பால் நிறம், கீழ வெத்தலைப் பச்சை. ஹேண்ட் பிரேக் கூட பழைய பாணியில டேஷ்போர்டுக்கு அடியில குடைப்பிடி மாதிரி இருக்கும். இழுத்து ஒரு திருப்பு திருப்பினாத்தான் பிடிக்கும்.

விக்கலைன்னு கம்பெனிக்காரன் கொஞ்ச வருசத்துலயே நிறுத்திட்டான். நிறுத்தினதும் என்ன ஆகணும்? ஆசை குறையணும். இவங்களுக்குக் கிறுக்கு அதிகமாயிடுச்சு! 'முட்டைக்கண்ணன்'னு செல்லப்பேரு வெச்சு, அந்தக் கார் வெச்சிருக்கவங்கல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடிச்சு ஒண்ணாச் சேந்துட்டாங்க. அவங்களுக்குள்ள ஒரு பழக்கம். காரை நிறுத்திப் பூட்டிட்டு நாலு எட்டு நடப்பாங்க... நிப்பாங்க... திரும்பி அந்த முகத்தை ஒரு பார்வை பாப்பாங்க. அப்புறம்தான் போவாங்க. நாம பாப்போமா? பூட்டுற சத்தம் கேட்டாச்சுன்னா போயிட்டே இருப்போம்!

ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏற்காடு கிளம்பினாங்க. தெய்வசிகாமணியோட சம்சாரம் பூங்கோதையும் கூடப் போச்சு. மேல ஒரு டீக்கடை. சமமான இடத்துலதான் காரை நிறுத்தினாரு. பாத்தாரு... குரோம்ல வெயில் விழலை. மனசு கேக்குமா? எடுத்து, சரிவுல, முகம் டீக்கடையைப் பாக்க, முதுகு பள்ளத்தைப் பாக்க நிறுத்தினாரு.

"பாய், எப்படி இருக்கு?"ன்னு சீட்டுல உக்காந்தபடியே கேட்டாரு.

கூட வந்த இக்பால் பாய், "ராஜா மாதிரி நிக்கிறான். டயருக்குப் பின்னாடி ஒரு கல்லு வைங்க"ன்னாரு.

"கல்லு வெச்சா போட்டோவுல அசிங்கமா இருக்கும் பாய்."

கேட்டீங்களா! வேற யாராவது இப்படி ஒரு பதில் சொல்லுவாங்களா?

பூங்கோதை, "குளுருதுங்க, நான் இங்கயே கண்ணசர்றேன்"னு கண்ணாடியை ஏத்தி, கதவை உள்பக்கம் பூட்டிட்டுச் சாஞ்சிருச்சு. இவரு பிரேக்கை இழுத்தாரு... திருப்பினாரா? வெயில் எங்க விழுதுன்னு பாத்துக்கிட்டே இறங்கி, தன் பக்கத்துக் கதவைப் பூட்டிட்டாரு.

நடந்தாரு... நின்னாரு... திரும்பினாரு.

முகம் சின்னதா இருந்துச்சு.

தினம் பாக்கிற முகம். கண்ணு ரெண்டும் எம்புட்டுப் பெருசுன்னு அவருக்குத் தெரியும். கொஞ்சம் சின்னதாத் தெரியுது... இன்னும் கொஞ்சம் சின்னதாகுது. சத்தமே இல்லை. கார் பின்னால போயிட்டிருக்கு! உள்ளே பொண்டாட்டி, பின்னால பள்ளம்.

ஓடினாரு. "கோதை! கோதை!" கதவை இழுக்கிறாரு, வரலை. சாவி சட்டைப் பையிலயா, பேண்ட் பையிலயா? தேட நேரமில்லை. கண்ணாடியில தட்டிக்கிட்டே கூட ஓடுறாரு. பூங்கோதை கண்ணைத் திறந்துச்சு. வண்டி நிக்குது, இந்த மனுசன் எதுக்கு ஓடுறாருன்னு பாக்குது. அப்பத்தான் அவருக்குப் பின்னால மரம் நகர்றது பூங்கோதைக்குத் தெரிஞ்சுது.

"பிரேக்கை இழு! இழுத்துத் திருப்பு!"

இழுத்துச்சு... வண்டி நிக்கலை. திருப்புச்சு... கிர்ர்ருன்னு நின்னுச்சு. பின்சக்கரம் ரெண்டும் ரோட்டோரத்து வெள்ளைக் கல்லு மேல ஏறி நிக்குது. அதுக்கு அந்தப்பக்கம் ஒண்ணுமே இல்லை.

எல்லாரும் ஓடி வந்து பிடிச்சாங்க. அந்த நேரத்துலயும் ஒருத்தர், "குரோமைப் பிடிக்காதீங்கப்பா, ரேகை விழும்"ங்கிறாரு!

பூங்கோதை இறங்குச்சு. அழலை, திட்டலை. "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். எதுக்குத் திரும்பினீங்க? என்னைப் பாக்கவா, காரைப் பாக்கவா?"

 மாப்பிள்ளை, நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? பொய் சொல்லுவீங்கல்ல? அவருக்கு அப்பப் பொய் வரலை.

"காரைத்தான் கோதை."

அது தலையை ஆட்டிக்கிச்சு. "நல்லவேளைங்க. நாந்தானே உள்ள இருக்கேன்னு நினைச்சிருந்தா நீங்க திரும்பியே இருக்க மாட்டீங்க."

...

என்னங்க, சிரிப்பைக் காணோம்? முன் வரிசையில ரெண்டு மூணு பேர் தரையைப் பாக்கறாங்க.

இதுதாங்க நான் சொல்ல வந்தது. கம்பெனிக்காரன் வேண்டாம்னு கைவிட்ட தகரத்தை தினம் ஒருதடவை ஆசையாப் பாத்தாரு. பாத்த பழக்கத்துலதான் ஆபத்து வர்றது கண்ணுக்குப் பட்டுச்சு. மனுச முகமும் அப்படித்தான். கூடவே இருக்கிறவங்க முகம் சின்னதாகிப் போறது ஒரே நாள்ல தெரியாது, சத்தமும் வராது. தினம் ஆசையாப் பாக்கிறவனுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை, வீட்டை விட்டுக் கிளம்பறப்ப ஒருதடவை திரும்பிப் பாருங்க. பொண்ணு, நீயும்தாம்மா. எங்க, இப்பவே ஒருதடவை பாருங்க, நாங்களும் பாக்கறோம்...

மாப்பிள்ளை திரும்பிட்டாரு. மாலை மைக் ஒயர்ல மாட்டி, மைக் பன்னீர்ப் பாத்திரத்துக்குள்ள விழுந்துருச்சு. மீதியை நான் கத்தித்தான் சொல்லணும்.