முதல் நாற்பது நொடி

வயது அறுபத்தேழு. ஓய்வு பெற்ற ஆசிரியை. பதினோரு ஆண்டுகளாக ஆவணப்படம் எடுத்து வருகிறேன். பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேல்தாளில் உள்ளன.

"டீச்சர், படத்துல என் மூஞ்சி தெரியுமா?" சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண், படமெடுக்கப் போன என்னிடம் முதலில் கேட்டது இதுதான். தெரியாது என்றேன். அதன் பிறகு அவர் வீட்டுச் சமையலறையில் கேமராவை வைத்தேன். பேசுபவர் முகம் காட்டி, பெயரும் முகவரியும் சொல்லி, படமெடுக்கச் சம்மதம் தெரிவிப்பதை முதலில் பதிவு செய்வது எங்கள் தொழில் வழக்கம். "சத்தமா சொல்லும்மா, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார். அது நாற்பது நொடி. அதன் பிறகு விளக்கை அணைத்தோம். பட்டறைக் கழிவுத்தொட்டிக்குள் மூச்சுத் திணறி இறந்த தன் அண்ணனைப் பற்றியும், அன்றைய வருகைப் பதிவேட்டில் அவருக்கு விடுப்பு என்று எழுதியிருந்ததைப் பற்றியும் இருட்டில் பேசினார்.

படம் வெளியான பிறகு, அப்படியொரு பெண்ணே இல்லை, நான் ஆள் வைத்துப் பேசவைத்தேன் என்று பட்டறை முதலாளி வழக்குப் போட்டார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, படத்தின் பிரதி கேட்டு நீதிமன்ற உத்தரவுடன் காவலர்கள் வந்தனர். மேசையிலிருந்த ஹார்ட் டிஸ்கை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு அலமாரியைத் திறந்தால், படம் இருந்த டிஸ்க் அங்கேயே இருந்தது. கொடுத்தது அசல் பதிவு, அந்த நாற்பது நொடியோடு. பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் லேபிள் ஒட்டவைத்த நான் இதற்கு ஒட்டவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வந்தார். "குடுத்துட்டீங்களா டீச்சர்?" என்றார். திட்டவில்லை. உள்ளேயும் வரவில்லை. கையில் துணிமூட்டை இருந்தது. அந்தச் சமையலறை பட்டறை கொடுத்த வீட்டில் இருக்கிறது. அவர் கணவர் இன்றும் அதே தொட்டியில் இறங்குகிறார்.

"அம்மா, அந்த நாப்பது செகண்டைக் காட்டினா கேஸே நிக்காது. அதைப் போய் வேணாங்கறீங்களே!" என்று என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். வகுப்பில் ஜன்னல் உடைந்தபோது உடைத்தவன் யாரென்று என்னிடம் சொன்ன பிள்ளையின் பெயரை, தலைமையாசிரியர் கேட்டும் நான் சொன்னதில்லை. இதுவும் அப்படித்தான். திங்கட்கிழமை எதிர்த்தரப்புக்கு அதன் பிரதி கொடுக்கப் போவதாக நீதிமன்ற அலுவலகத்தில் சொல்கிறார்கள். அந்தப் பகுதியைக் கொடுக்க வேண்டாம். அது இல்லாமல் என்னைப் பொய்க்காரி என்று தீர்ப்பெழுதினாலும் எழுதுங்கள். சிறைக்குப் போகிறேன். நீதிபதி ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)

கீழே என் கையால் எழுதுவது: நீங்கள் தனியாக அந்தப் பதிவைப் போடும்போது முதல் நாற்பது நொடி திரையைத் துணியால் மூடிவிட்டு, அந்தப் பெண்ணின் குரலை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.