விழுந்தால் தூக்கிவிடும் கை

எனக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது, மேடம். எல்லா ராக் கச்சேரிக்கும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் போவேன்.

டாம்பரே நகரத்தில் தனியாக இருக்கிறேன். தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. முடி வெட்டுகிறவரை விட்டால் மாதக்கணக்கில் யாருடைய கையும் என் மேல் படாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நம் பின்லாந்தில் அதுதான் மரியாதை.

மேடைக்கு முன்னால் வட்டம் கட்டி முட்டி மோதி ஆடுவார்களே, அங்கே மரியாதை வேறு. யார் விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் முதன்முதலாக ஒருவனைத் தூக்கிவிட்டேன். வியர்வையோடு என்னை இறுகக் கட்டிக்கொண்டு, "நல்லா இருப்பய்யா நீ" என்றான். அந்தச் சட்டையை வெகுநாள் துவைக்கவில்லை.

பிறகு யாராவது விழுவார்களா என்று காத்திருந்தேன். எல்லாக் கச்சேரியிலும் விழ மாட்டார்கள். அதனால் காலைக் கொஞ்சம் நீட்டினேன். யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை. ஒருவருக்குப் பல், ஒருவருக்கு மணிக்கட்டு, அவ்வளவுதான்.

வழக்கமாக வரும் பெத்தேரி என்னைக் கண்டதும் சொல்வான்: "டேய், நம்ம ஆம்புலன்ஸ் வந்தாச்சுடா. இனி தைரியமா விழுங்க." எனக்கு வேறு யாரும் பட்டப்பெயர் வைத்ததில்லை.

சனிக்கிழமை ஏரிக்கரையில் பகல் கச்சேரி. சாசேஜில் கடுகு விழுது தடவிக்கொண்டு நின்றேன். வில்யா என்ற அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, எனக்கு இதான் மொதத் தடவ. விழுந்துட்டா என்ன பண்றது?"

"பயப்படாதம்மா. நான் பக்கத்துலயே இருப்பேன்."

மூன்றாவது பாட்டு நடக்கும்போது காலை நீட்டினேன். சேற்றில் குப்புற விழுந்தாள். அவளை நோக்கி ஆறேழு கைகள் நீண்டன, பெத்தேரியின் கை முதலில். அவனுக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இதுவுமா அவனுக்கு வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

"விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் தடுத்தேன். ஆம்புலன்ஸ் சொன்னால் கேட்பார்கள். நான் தூக்கிவிடுவேன் என்று நம்பித் திரும்பி ஆடப் போனார்கள். பின்னால் நின்ற கூட்டம் முன்னே சரிந்தது. என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் மேல் ஏறிப் போனது. பாட்டு முடியும்வரை யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டிருந்தால் எல்லோரும் வந்திருப்பார்கள்.

கூட்டம் விலகியதும் நான்தான் தூக்கினேன். பெத்தேரி என் தோளைப் பிடித்து உலுக்கி அழுதான். "விட்றா, மூச்சே இல்லடா அவளுக்கு." நான் விடவில்லை.

நீங்கள் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பக்கத்திலேயே இருப்பேன் என்றேன், இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கைகள் இரண்டும் என் தோளில் கிடந்தன, மேடம். அவ்வளவு நேரம் என்னை யாரும் கட்டிக்கொண்டு இருந்ததில்லை.