ஃப்ரிட்ஜுல வச்ச பெட்டி

பெட்டி ஃப்ரிட்ஜுலதான் இருக்கு தம்பி, எங்கயும் ஓடிப் போகாது. உக்காருங்க. அபிதா அவுக அப்பாவுக்கு வலி மாத்திரை வாங்கத் தேனி வரைக்கும் போயிருக்கா, இப்ப வந்துருவா. நீங்கதான வினோத்ராஜு? அவனும் நானும் ஒரே லேப்பும்மான்னு வாய்க்கு வாய் சொல்லுவா.

காப்பி வேணாமா? சரி. அவசரந்தான், தெரியும். அப்பாவுக்கு முடியலைன்னதும் லேப்ல இருந்து மருந்துப் பெட்டியக் கையோட கொண்டாந்துட்டா. மதுரைக்குக் கொண்டுபோயி எலிக்கு ஊசியப் போட்டு ஸ்கேன் எடுக்கணும். எல்லாம் சொல்லியிருக்கா. கம்ப்யூட்டர்லயே புரதத்தப் பாசிமணி கணக்காக் கோத்து, அது எப்படிச் சுருளணும், எங்கன பிரியணும்னு நீங்களே வரையுறீகளாமே. உள்ள மருந்த வச்சு அனுப்புனா, கட்டி இருக்க எடத்துல மட்டும் போயிப் பிரியுமாம். ஸ்கேன்ல அந்த எடம் பளிச்சுனு தெரியுமாம். கேக்கவே வயித்துல பால வார்த்தாப்ல இருந்துச்சு.

இவுகளுக்கும் ஈரல்ல கட்டிதான். உள் ரூம்ல படுத்திருக்காக. பெரிய டாக்டருக எல்லாரும் கைய விரிச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாக. பெத்த மக கையில மருந்த வச்சுக்கிட்டு, மனுசனுக்குப் போடக் கூடாதும்மா, இன்னும் வருசக் கணக்காகும்ங்கிறா. திராட்சக் கொடிக்குப் புது மருந்து வந்தா மறுநாளே அடிச்சுப் பாக்குற ஊரு தம்பி இது. எனக்கு எப்படிப் பொறுக்கும்?

ஒண்ணு கேக்கட்டா? இதுக்கு முன்னால எலிக்குப் போட்டீகள்ல, அதுகளுக்குக் காய்ச்சல் வந்துச்சா? மருந்து பிடிக்குதுன்னா ஒடம்பு சுடுமா? சுடாதா? ஒண்ணுக்குக்கூடச் சுடலையா?

சும்மாதான் கேக்குறேன். பெட்டியத் தொறக்காதீக, மொதல்ல இதுக்குப் பதிலச் சொல்லுங்க.

கிருமிக்குள்ள வளத்ததா? மனுசனுக்குன்னு சுத்தம் பண்ணலையா? அந்தக் கிருமி வெசம் ஒட்டியிருந்தா மனுசனுக்குக் காய்ச்சல் தூக்குமா? அவ சொல்லலையே. சொல்லியிருப்பா, பாவி எங்காதுல கட்டி கரையும்ங்கிறது மட்டுந்தான் விழுந்துச்சு.

காலைல குளுக்கோஸ் ஏத்த வந்த பிள்ளைகிட்ட, மதுரை டாக்டரு குடுத்ததுன்னு நாந்தான் பெட்டியிலருந்து ஒரு சீசாவ எடுத்து நீட்டுனேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, ஏத்திட்டுப் போயிருச்சு. அபிதாவுக்கும் தெரியாது. ஒடம்பு கொதிக்கவும், மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோசமா ஈரத்துணியப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். இப்பத் தூக்கித் தூக்கிப் போடுது. கார்லதான வந்தீக? வாங்க, நான் தலமாட்டப் பிடிக்கிறேன், நீங்க காலப் பிடிங்க.