சின்னவன் இப்ப எங்கே?

ஹலோ... ஹலோ? யாரு, போதகர் ஐயாவா?... தங்கச்சிதான் பேசறேன், வேற யாரு! எத்தனை தடவைதான் அடிக்கிறது? மாநாட்டுக்குப் போனா போன் எடுக்கக் கூடாதுன்னு ஏதாவது கட்டளை இருக்கா?... ஆமா... ஆமாமா... இல்லண்ணா, இல்ல. அம்மாவுக்கு உயிர் இருக்கு. பதறாதே. முதல்ல அந்த ஹாலை விட்டு வெளிய வா... வந்துட்டியா? கதவைச் சாத்து. அங்க பாடறது எனக்கே கேட்குது.

சொல்றேன், சொல்றேன். டாக்டர் காலைல வந்தாரு. நெஞ்சுல குழாயை வச்சுப் பார்த்தாரு. அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அவ்வளவுதான். இன்னைக்கோ நாளைக்கோன்னு வாயைத் திறந்து வேற சொல்லணுமா?... ம்... ம்... ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னுட்டாங்க. நம்ம சின்னவனைக் கடைசியாக் கொண்டுபோன ஆஸ்பத்திரி அது, அந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. கட்டிலை என் தையல் மெஷின் பக்கத்துலயே இழுத்துப் போட்டிருக்கேன். வெட்டின துணி எல்லாம் தரையில அப்படியே கிடக்கு. தைக்க எங்கே கை வருது.

இரு, நான் அதுக்காகக் கூப்பிடல. உபதேசியார் வந்திருக்காரு. நீ ஜெபிச்சு வச்சிட்டுப் போன அப்பத்தை எடுத்துக்கிட்டு... ஆமா, அம்மாவுக்குத் திருவிருந்து குடுக்கத்தான். பாவம் மனுஷன், வந்ததுலேருந்து ஸ்டூல் நுனியில உட்கார்ந்திருக்காரு. அம்மா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க.

இல்ல, முழுங்க முடியாம இல்ல. இப்பதான் பால் குடிச்சாங்க... நினைவா? நினைவுக்கு என்ன குறைச்சல்? உபதேசியாரைப் பார்த்து, "சட்டைல பட்டன் அறுந்து போச்சே, கழட்டி இவகிட்ட குடுங்க"ன்னு சொல்றாங்க. அவரு வெட்கப்பட்டுக் கையால மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.

வேண்டாம்னுதான் சொல்றாங்க. அப்பம் வேண்டாம், ஜெபம் வேண்டாம்... ஆமா, நம்ம அம்மாதான். வேற எந்த அம்மா? ஒரு ஞாயித்துக்கிழமை தவறினா சாப்பாடு இறங்காதே, அந்த அம்மாதான்... கேட்டேன். ஏன்னு கேட்காம இருப்பேனா? சொல்றாங்க, "சின்னவன் போன இடத்துக்கே நானும் போறேன்டி. இதைச் சாப்பிட்டா என்னை வேற பக்கம் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

...

அண்ணா? இருக்கியா?

எங்கேருந்து வந்துச்சா? உன் வாயிலேருந்துதான் வந்துச்சு! சின்னவனைப் புதைச்ச மண்ணு காயல, அடுத்த ஞாயிறு மேடையில ஏறி அணையாத நெருப்பு, ஓயாத வேதனை, ஞானஸ்நானம் வாங்காம, மனந்திரும்பாமப் போறவங்க காலாகாலத்துக்கும் வெந்துக்கிட்டே இருப்பாங்கன்னு... யாரு பேசினது? நானா?... தெரியும்... தெரியும்ணா, வருஷ ஆரம்பத்துலயே போட்டு வச்ச தலைப்பு. மாத்தியிருந்தா குடியா முழுகிடும்?... ஓ, கமிட்டிக்காரங்க. சொந்தத் தம்பின்னதும் போதகர் நரகத்தைத் தணிச்சுட்டாருன்னு பேசுவாங்க. அதனால நீ வழக்கத்தை விட ரெண்டு கட்டை கூடப் போட்டு எரிச்சுட்ட. நல்லா இருக்குண்ணா. ரொம்ப நல்லா இருக்கு.

என்ன சொன்ன? அம்மாவுக்குத்தான் காது கேட்காதேவா?... அப்படி நினைச்சுக்கிட்டா பேசின? நிஜமாவா?... ஐயோ, அண்ணா. அம்மா உட்கார்ற பெஞ்சுக்குக் கீழே குட்டியா ஒரு ஸ்பீக்கர் இருக்கே, நீ பார்த்ததே இல்லையா?... யாரு மாட்டுவா? சின்னவன்தான். அடப்பாவி, இத்தனை நாளா உனக்குத் தெரியவே தெரியாதா?

உன் மைக்கு, வயரு, ஃபேனு எல்லாம் அவன்தானே பார்த்துக்கிட்டான். ஞானஸ்நானமும் வாங்கல, ஆராதனைக்கு உள்ளேயும் உட்கார மாட்டான், ஆனா எல்லாருக்கும் முன்னாடி வந்து மைக்கைப் பிடிச்சு, "ஹலோ, ஹலோ, அம்மா, கேட்குதா?"ம்பான். அம்மா பெஞ்சுலேருந்து கையைத் தூக்குவாங்க. அவ்வளவுதான், டெஸ்டிங் முடிஞ்சுது. பக்கத்துக் கதவு வழியா வெளியே போய் அந்தப் படியில உட்கார்ந்துடுவான். ஆராதனை முடிஞ்சு டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்கள்ல, அம்மா தன் பிஸ்கட்டை உடைச்சுப் பாதியை எடுத்துக்கிட்டு நேரா படிக்குத்தான் போவாங்க. நீ அந்த நேரத்துல பெரிய மனுஷங்களுக்குக் கை குடுத்துக்கிட்டு நிப்ப, உனக்கு எங்கே தெரியப் போகுது.

எதுக்கு மாட்டினானா? நீ பேசறது அம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமக் கேட்கணும்னுதான். உன்னோட எவ்வளவு சண்டை போட்டாலும், "பெரியவன் பேசறதைக் கேட்கத்தான் அம்மா கோயிலுக்கு வருது, கேட்காமப் போனா எப்படி?"ன்னு எங்கிட்ட சொன்னான். கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு.

...

அழு... இல்ல, அழு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு மட்டும் என்ன, அழுது அழுது மூஞ்சியே வீங்கிக் கிடக்கு.

ஆமா... ஆமா... அந்தச் சாப்பாட்டு மேசைச் சண்டை எனக்கும்தான் ஞாபகம் இருக்கு. "நல்ல மனுஷங்க கீழே வெந்துக்கிட்டு இருக்கறப்ப நீங்கல்லாம் மேல உட்கார்ந்து பாட்டுப் பாடுவீங்களா? என்னால முடியாதுப்பா, எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்"னான். நீ தட்டைத் தள்ளிட்டு எழுந்து போன. அதேதாண்ணா இப்ப அம்மாவும் சொல்றாங்க. அவனுக்குப் பதில் சொல்லாம எழுந்து போயிட்ட. அம்மாவை விட்டுட்டும் எழுந்து போகப் போறியா?

அந்த ஏணி வழுக்கின நேரம்... ம்... ஆஸ்பத்திரியில ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்திருந்தாக்கூட கடவுளைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்னு அம்மா இப்பவும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. திறக்கலையே. யாருக்கோ கடை வாசல்ல விளக்கு மாட்டப் போனவன்...

சரி. சண்டை போட நான் கூப்பிடல. போட்டாச்சு, முடிஞ்சுது. இப்ப நீ ஒண்ணு செய்யணும். கல்லறைத் தோட்டத்துல குழாயடியில கையைக் கழுவிக்கிட்டே எங்கிட்ட சொன்னியே, அதை அம்மாகிட்ட சொல்லணும்... எதுவா? மறந்துட்டியா? நெருப்புதான் அணையாது, அதுல விழறது எரிஞ்சு தீர்ந்துடும்னு சொன்னியே. பதரைப் போட்டா அது காலாகாலத்துக்குமா எரியும், சாம்பலாப் போயிடும்ல, மனுஷனும் அப்படித்தான்னு. அழிவுன்னா அழிவுதான், சித்திரவதை இல்ல, ஒரு உசிரைச் சாகவும் விடாம வாட்டிக்கிட்டே இருக்க கடவுளுக்கு மனசு வராதுன்னு... சொன்னியா இல்லையா? படிக்கிற காலத்துலயே உனக்கு அப்படித்தான் தோணுச்சுன்னு கூடச் சொன்ன.

தெரியும், மேடையில சொன்னா வேலை போயிடும். மேடையில யாரு சொல்லச் சொன்னா? அம்மா காதுல சொல்லு... சபை நம்பிக்கைக்கு விரோதமா? அம்மா என்ன கமிட்டியா?... என்னண்ணா பேச்சு இது! எனக்குக் குழாயடியில ஒரு நரகம், அம்மாவுக்கு மைக்குல ஒரு நரகமா?

ம்... ம்... உறுதியாச் சொல்ல முடியாதா? உறுதியாத் தெரியாமத்தான் அன்னைக்கு மேடையில அந்த அடி அடிச்சியா?... சரி, சரி, விடு. நான் வாயை மூடிக்கறேன்... சொல்றியா? நிஜமா? ... நீ நல்லா இருப்பண்ணா. இரு, வலது காதுலதான் கொஞ்சம் கேட்கும்.

அம்மா... அம்மா, பெரியவன் பேசறாம்மா... உபதேசியாரே, அந்தத் தலையணையைக் கொஞ்சம் தூக்குங்க... போதும், போதும். அண்ணா, சத்தமாப் பேசு, ஆனா கத்தாதே.

...

கேளும்மா. அண்ணன் சொல்றதைக் கேளு... என்னம்மா?... ஏன் தள்ளறே? அம்மா! அழாதம்மா, மூச்சு வாங்குது பாரு... அம்மா!

ஹலோ. நான்தான். என்ன சொன்ன?... அதையேதானே சொன்ன?... ம்... போனைத் தட்டி விட்டுட்டாங்க. இல்லண்ணா, ஆறுதல் ஆகல. இன்னும் மோசமாப் போச்சு. "என் பிள்ளை இல்லவே இல்லையாம்டி"ன்னு அழறாங்க... இரு, என்னமோ சொல்றாங்க... "எரிஞ்சுக்கிட்டு இருக்கான்னாக்கூட எங்கேயோ இருக்கான். நான் போய்ப் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். இல்லவே இல்லைன்னா எந்தக் கதவைப் போய்த் தட்டுவேன்?"ங்கறாங்க.

...

அம்மா இதை இப்படி எடுத்துக்குவாங்கன்னு எனக்கும் தோணலையேண்ணா. அவனுக்கு இனி வலிக்காதுன்னு நீ சொன்னப்ப எனக்கு அது போதுமா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் கொஞ்சம் தூங்கினேன். அம்மாவுக்குப் போதல.

வேண்டாம். வேண்டாம்ணா, மூணாவதா ஒரு விளக்கம் எடுக்காதே. அவர் அப்படி எழுதியிருக்காரு, இவர் இப்படி எழுதியிருக்காருன்னு... அம்மாவுக்கு அதெல்லாம் எதுக்கு? அவங்க நரகத்தைப் பத்திக் கேட்கல. சின்னவன் எங்கேன்னு கேட்கறாங்க. சின்ன வயசுல விளையாடப் போனவன் இருட்டியும் வரலைன்னா உன்னைத்தானே அனுப்புவாங்க, "போய்ப் பார்த்துட்டு வாடா பெரியவனே"ன்னு? அப்படித்தாண்ணா இப்பவும் கேட்கறாங்க. நீ போதகராப் பேசாதே. மனசுல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு. மறுபடி காதுல வைக்கறேன்.

அம்மா, இன்னொரு தடவை... இல்லம்மா, பிரசங்கம் பண்ண மாட்டான். நான் திட்டிட்டேன். கேளு.

...

...

அம்மா? ... என்னம்மா, சிரிக்கிறியா?

ஹலோ... என்னண்ணா சொன்ன?... தெரியலைன்னா? அவ்வளவுதானா?... ம்... "எல்லா இடத்துலயும் தேடிப் பார்த்துட்டேன், தெரியலம்மா"ன்னு... ம்... அழுதியா? அழுதது எனக்கு இங்கேயே கேட்டுச்சு. அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? "பெரியவனுக்கு எப்பவும் தேடத் தெரியாது. பக்கத்துத் தெருவுல இருந்தாக்கூடக் காணோம்னு வந்து நிப்பான். இரு, நானே போய்ப் பார்க்கறேன்." சிரிச்சுக்கிட்டே சொல்றாங்கண்ணா.

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்... உபதேசியாரே, கையை நீட்டறாங்க பாருங்க. எழுந்திருங்க! ... அப்பம்தான் கேட்கறாங்க. கையில கேட்டா கையிலயே குடுங்களேன், வாயிலதான் போடணும்னு என்ன... ம், அப்படித்தான்.

அண்ணா, வாங்கிட்டாங்க. வாங்கிட்டாங்கண்ணா... உடைக்கறாங்க... பாதியை வாயில போட்டுக்கிட்டாங்க... ஆமா... ஆமா, முழுங்கிட்டாங்க. நீ அங்கேருந்தே ஜெபம் பண்ணு. பண்ணு, நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

...

ஆமென்.

இல்ல, மீதிப் பாதி கையில இருக்கு. மூடி வச்சிருக்காங்க. அம்மா, அதையும் சாப்பிட்டுடும்மா... என்னது? ... யாருக்கு? ...

...

அண்ணா. "அவன் வெளியே படியில உட்கார்ந்திருப்பான்ல. போறப்ப குடுக்கணும்"கறாங்க.

...

பேசுண்ணா. ஏதாவது பேசு. உபதேசியார் என் மூஞ்சியையே பார்க்கறாரு. ஜெபிச்ச அப்பம் மீதி இருக்கக் கூடாதாமே, அதுவும் ஞானஸ்நானம் வாங்காதவனுக்குக் குடுக்கக் கூடாதாமே. கையைப் பிரிச்சு வாங்கிடவான்னு கேட்கறாரு. நான் என்ன சொல்ல? நீதான் சொல்லணும். போதகர் நீதானே.

என்ன?... சரியாக் கேட்கல, இரைச்சலா இருக்கு... இருக்கட்டுமா? அப்படியே இருக்கட்டும்னா சொல்றே?... அப்புறம் அம்மாவைப் பெட்டியில வைக்கறப்பவும்?... ம்... கமிட்டி கேட்டா?... நீ சொல்லிக்கறியா... சரி... சரிண்ணா. உபதேசியாரே, இருக்கட்டும்னுட்டாரு. கையைத் தொடாதீங்க.

நீ கிளம்பு. முடிச்சுட்டெல்லாம் வேண்டாம், இப்பவே கிளம்பு... கண்ணை மூடியிருக்காங்க. இல்ல, மூச்சு இருக்கு. மெதுவா இருக்கு. கை மட்டும் அப்படியே இறுக்கி... அண்ணா, விட்டு விட்டுக் கேட்குது. தெருவுக்கு வந்து பேசு... ஹலோ? ... ஹலோ, ஹலோ... கேட்குதா?

...

அம்மா... கையைத் தூக்காதம்மா. நான் உன்னைக் கேட்கல... இறக்கும்மா. அவன் இல்லம்மா... நான்தாம்மா.

ஹலோ?