தபால்காரர் கூப்பிட்ட வரிசை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இடம் போதாமல் வாசல்படியில் நிற்கும் என் ஊர்ச் சனங்களே, முன்னால் அமர்ந்திருக்கும் தபால்காரரின் மகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கோர்வையாகப் பேச வராது. மறதியும் வராது. நம் மதிப்புக்குரிய தபால்காரர் என் பக்கத்து வீட்டுக்காரர். என் பக்கம் ஒரு முழம் தள்ளி வேலி போட்டவர். அதற்காக அவர் சாகும்வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை இங்கே சொல்லலாமா என்று சிலர் நெளிகிறீர்கள். பொய்ப் புகழ்ச்சி அவருக்கே பிடிக்காது.

குண்டு விழுந்து ஓடிவந்தோமே, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அன்று யாருக்குத் தெரிந்தது? அவர்தான் ஒரு மேட்டில் ஏறி நின்று, தபால் கொடுக்கும் ஒழுங்கிலேயே வீடு வீடாகக் கூப்பிட்டார். முதலில் தன் வீடு, அடுத்து என் வீடு, பிறகு தச்சர் வீடு, தையல்காரி வீடு. பதில் வராத வீட்டுக்கும் வரிசையில் இடம் விடச் சொன்னார். முகாமிலும் அதே பழக்கம். தண்ணீருக்கு நின்றாலும் மருந்துக்கு நின்றாலும் வீட்டு ஒழுங்குதான். ஆளில்லாத இடத்தை ஏன் விடுகிறீர்கள் என்று ஓர் அதிகாரி சலித்துக்கொண்டார்.

"ஆளு இல்லைங்க. வீடு இருந்துச்சில்ல," என்றார் தபால்காரர்.

இப்போது அதிகாரிகள், நாம் விட்டுவந்த இடத்தில் ஊரே இருந்ததில்லை, வெறும் புதர்தான் என்கிறார்கள். அப்படியானால் நாம் எங்கே பிறந்தோம்? புதரிலா? போன மாதம் நிலம் அளக்க வந்தவர்கள் முன்னால், தபால்காரர் நம் ஊரின் இடிந்த கிணற்றிலிருந்து தபால் கொடுக்கும் வழியிலேயே நடந்து, ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் நிறுத்தினார். தச்சர் காலடியைத் தோண்டினார்; வாசற்கல் வந்தது. தையல்காரி தோண்டினாள், வீட்டுத் தரை வந்தது. பாதித் தெருவிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. மீதியை வருகிற செவ்வாய்க்கிழமை பார்க்க வருகிறார்கள். அதற்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. மீதித் தெருவைக் காட்டாவிட்டால் ஊர் இல்லை என்றே முடித்துவிடுவார்கள். நமக்குத் திரும்பிப் போக இடம் இருக்காது.

காட்டாமல் விடுவேனா? அவரை முறைத்துக்கொண்டே காலம் கழித்தவள் நான். எந்த வாசலில் மணி அடிப்பார், எங்கே சைக்கிளைத் திருப்புவார், எல்லாம் எனக்கு அத்துப்படி. செவ்வாய்க்கிழமை நான் கூப்பிடுகிறேன். இருப்பவர்களையும் கூப்பிடுவேன், இல்லாதவர்களையும் கூப்பிடுவேன்.

மகளே, அதுவரை நீ புருஷன் வீட்டுக்குக் கிளம்பாதே. உன் அப்பா வீட்டைத்தான் முதலில் கூப்பிடுவேன். சத்தமாகப் பதில் சொல்.