பெத்தம்மாள் காத்த கொட்டகை

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் தோட்ட அலுவலகப் பெரிய கிராணி ராமையா அவர்களே! மாரியம்மன் கோயில் தலைவர் அப்புசாமி அவர்களே! டுரியான் துங்காலிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே! ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த கை காயும் முன்னே பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! மனைவியை இழந்து முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அங்கமுத்து அண்ணே! அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர்களுக்கு இரங்கல் கூட்டம் நடப்பதுண்டு. செல்வர்களுக்கு நடப்பதுண்டு. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது ஆயாக்கொட்டகையில் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணிக்கு எங்கேயாவது நடந்ததுண்டா? இந்தப் புக்கிட் நங்கா தோட்டத்தில் நடக்கிறது! ஏன் நடக்கக் கூடாது? இங்கே இருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் அந்த அம்மையார் ஆட்டிய துணி ஏணையில் தூங்கியவர்கள் அல்லவா?

தங்கையா வாத்தியாராகிய நான், பெத்தம்மாள் அம்மையாருக்குப் பல ஆண்டுகள் அண்டை வீட்டான் போல வேலை செய்தவன். என் பள்ளிக்கூடத்துக்கும் அவருடைய கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பிரம்பை வைத்துக்கொண்டு கத்துவேன். அந்தப் பக்கம் சத்தமே இராது. பால் குடிக்கும் குழந்தைகளின் ஏணைகள் வாசலை ஒட்டி. தவழும் பிள்ளைகள் நடுவில். நடக்கும் பிள்ளைகள் உள்ளே. எந்தப் பிள்ளைக்கு எந்தத் துணி, எதற்குக் காலையில் மருந்து, எது சோற்றைத் துப்பும், எது மண்ணைத் தின்னும், எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தன. குளிக்க ஓடைக்குக் கூட்டிப்போகும்போது ஒரு நீளக் கயிற்றை விரிப்பார். நடக்கும் பிள்ளைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே போகும். அந்த ஒழுங்கைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையே நின்று பார்த்திருக்கிறார்!

அந்த அம்மையார் வீட்டில் எப்படி? நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அங்கமுத்து அண்ணனும் சிரிப்பதைப் பார்க்கிறேன். அவர் வீட்டுச் சீப்பு அரிசிப் பானைக்குள் கிடக்கும். குழம்பில் ஒருநாள் உப்பே இராது. மறுநாள் இரண்டு நாளைக்கான உப்பு இருக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாக டுரியான் துங்கால் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனார்கள். அண்ணன் புகையிலை வாங்கக் கடைக்குள் போன நேரத்தில் பஸ் வந்தது. அம்மையார் கூடையோடு ஏறி வந்துவிட்டார்! வீட்டுக்கு வந்து, சமைத்து, இரண்டு தட்டு வைத்து, "சோறு ஆறுது, வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. "ஐயையோ, மனுசன பாசார்லயே விட்டுட்டு வந்துட்டேனே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றார். பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் செம்மண் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

லயமே கேலி பேசியது. அண்ணன் கோபப்பட்டாரா? இல்லை! "நான் வளந்த ஆளு. விட்டுட்டு வந்தா நடந்து வந்துருவேன். அவகிட்ட பகலெல்லாம் இருக்கிறதுங்க நடக்கத் தெரியாததுங்க. அதுங்கள மறக்காம இருந்தாப் போதும்" என்றார். அந்தச் சொல்லை என் காதால் கேட்டேன்.

ஆனால், சபையோரே, எல்லாரும் அப்படிப் பெருந்தன்மையாக இருக்கவில்லை. ஆயா வேலைக்கு அவரைப் போட்ட புதிதில் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவர மறுத்தார்கள். இதோ நிற்கிறாரே இருசம்மாள், அவர் கிராணியின் முன்னாலேயே, "சாவி வச்ச எடம் தெரியாதவகிட்ட எம்புள்ளய எப்பிடிங்க விடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? பெத்தம்மாள் மறுத்துப் பேசவில்லை. "நீ சொல்றது சரிதான் இருசு. வீட்ல நான் அப்பிடித்தான். ஒருநாள் இங்க வந்து உக்காந்து பாரு. புடிக்கலேன்னா தூக்கிட்டுப் போயிரு" என்றார்.

இருசம்மாள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் கொண்டுவந்து விட்டார். அடுத்த வருடம் அவரே அங்கே உதவி ஆயாவாகச் சேர்ந்தார்! இதைவிடச் சான்று வேண்டுமா?

"இது எப்படியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கே தெரியல வாத்தியாரே. கொட்டகப் படி ஏறுனா கண்ணு தொறந்துக்குது. எறங்குனா மூடிக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கண் திறந்திருந்ததால் பிழைத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை தீப்பிடித்த காலையை யார் மறக்க முடியும்? மழை இல்லாத மாதம். காற்று நம் பக்கம் வீசியது. ரப்பர் எரியும் கரும்புகை பள்ளிக்கூடத்தை மூடியது. பள்ளிப் பிள்ளைகளைத் திடலுக்கு ஓடச் சொல்லிவிட்டு வேலியைத் தாண்டினேன். ஆயாக்கொட்டகையின் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையில் ஒரு மூலை பற்றிவிட்டது. தாய்மார்கள் எல்லாம் தொலைவில், ரப்பர் மர நிரைகளில். உள்ளே முப்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி என் மகள் ஜெயா.

நான் மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன். பெத்தம்மாளின் கை என் தோளைப் பிடித்து நிறுத்தியது. "கத்தாதீங்க வாத்தியாரே! புள்ளைங்க மெரண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடிரும். ஒங்க பொண்ணு கயித்துல இருக்கா. நீங்க இந்த ரெண்டு ஏணையையும் அவுத்துத் தூக்குங்க." குரலில் நடுக்கம் இல்லை. திரும்பிப் பிள்ளைகளிடம், "கண்ணுங்களா, இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி. சீக்கிரமே குளிக்கப் போறோம். கயித்த விடாமப் புடிச்சுக்கிட்டுப் பாடுங்க!" என்றார்.

பாடினார்கள், ஐயா! தலைக்கு மேல் கூரை எரிய, அந்தப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வெளியே நடந்தார்கள்! முன்னே இருசம்மாள் கயிற்றைப் பிடித்துப் போனார். பின்னே நான் இரண்டு குழந்தைகளோடு போனேன். இறக்கிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். ஏணைகள் வாசலை ஒட்டி இருந்ததால் அவர் விரைவாக அவிழ்த்தார்; அந்தக் குழந்தைகளையும் தவழும் பிள்ளைகளையும் அவர் நீட்ட நீட்ட, நான் வாங்கி வாங்கி ஓடைக்கரையில் இருசம்மாளிடம் கொடுத்தேன். கடைசிக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது சேலை முந்தானை கருகியிருந்தது. அவர் ஓடைக்கரையை அடையும் முன்னே கூரை விழுந்தது.

புகையைக் கண்டு பால் வாளிகளை வீசிவிட்டு ஓடிவந்தீர்களே, தாய்மார்களே! கொட்டகை இருந்த இடத்தில் நெருப்பைப் பார்த்தீர்கள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். அப்போது ஓடைப் பக்கமிருந்து உங்கள் காதில் என்ன விழுந்தது? பிள்ளைகள் தண்ணீரில் அடித்து விளையாடும் சத்தம்! கரையில் நின்று பெத்தம்மாள் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையைத் தொட்டுத் தாயிடம் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கும் ஒரு கொப்புளம் இல்லை.

நன்றி சொல்ல அன்று மாலை நானும் என் மனைவி அன்னம்மாவும் ஜெயாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெறும் பானை காய்ந்து வெடித்திருந்தது. எதிரே அம்மையார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "தண்ணி ஊத்தலையா நானு? அரிசியும் போடலையா?" என்று கணவரைக் கேட்டார். அங்கமுத்து அண்ணன் பானையை இறக்கிவைத்தார். "நீ மறக்கக் கூடாதத மறக்கல தாயி. அரிசிய நான் போட்டுக்கிறேன், நீ செத்த நேரம் படு" என்றார். வேறு பானை எடுத்து அவரே உலை வைத்தார். என் மனைவி காய் நறுக்கினாள். அன்று எல்லாரும் அங்கேயே சாப்பிட்டோம். நன்றி சொல்லப் போனவர்களுக்கு அழுகைதான் வந்தது.

அங்கமுத்து அண்ணே! சோறாக்குகிற ஆண்பிள்ளை என்று உங்களை ஏசினார்கள். தேடிக் கொடுத்தீர்கள், துடைத்து வைத்தீர்கள், பொறுத்துக்கொண்டீர்கள். அம்மையாருக்கு இந்தத் தோட்டம் பட்டிருக்கும் கடனில் பாதி உங்களுடையது. சபையின் சார்பில் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

சென்ற மாதம் காய்ச்சல் அம்மையாரைக் கொண்டுபோய்விட்டது. அன்றுமுதல் பல தாய்மார்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறீர்கள். மரத்தடியில் துணி விரித்துப் போடுகிறீர்கள். பாம்பும் கொசுவும் உள்ள இடத்தில்! உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அவரைப் போல ஒருவர் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். ஆனால், அவரோடு இத்தனை ஆண்டு வேலை செய்த இருசம்மாள் இருக்கிறார். அவருக்குத் துணையாக நம் லயத்து ராஜம்மா வர இசைந்திருக்கிறார். பள்ளி இடைவேளைதோறும் நான் வேலி தாண்டி வந்து பார்ப்பேன். இது என் வாக்கு. தண்ணீர் சுமக்கவும் விறகு பிளக்கவும் தாம் வருவதாக, நான் இந்த மேடை ஏறுமுன் அங்கமுத்து அண்ணன் என்னிடம் சொன்னார்.

பெத்தம்மாள் அம்மையாருக்குக் கண்ணீர் விட்டோம். இனி அவர் வேலையை நடத்துவோம். நாளை விடியற்காலை, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு முன்னே, தீக்குப் பிறகு நாம் கட்டிய கொட்டகையில் விளக்கு எரியும். தாய்மார்களே, பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள்!