கோடு நான்கு விரல் மேலே நின்றது

விசாரணை அலுவலர் முன்பாக, அவர் கொடுத்த தாளில், என் கைப்பட எழுதுவது.

தெருவில் என்னை ஆணிக்காரர் என்று கேட்டால்தான் தெரியும். வயது எழுபத்தொன்று. தொழில் செருப்புத் தைப்பது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், சைக்கிள் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் கடையும் வீடுமாக இருக்கிறேன். மனைவி இல்லை. ஒரே மகள். எனக்கு எழுத நேரமாகும் என்று சொன்னேன். அலுவலர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இறந்துபோனவர் என் மனைவியின் தம்பி. அவருக்கு மக்காச்சோளக் கொல்லை இருந்தது. பன்றி விரட்ட உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்றும் வைத்திருந்தார். அதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தோலில் வெட்டிய தக்கையைக் கம்பியால் இடித்து இறக்கி, அதற்கு மேல் ஈயக் குண்டைத் தள்ள வேண்டும். பதினைந்து வருடமாகத் தக்கை வெட்டிக் கொடுத்தது நான். "மச்சான் தச்ச செருப்பு மூணு மாசம் தாங்காது. தக்கை ஒரு நொடி தாங்கினா போதுமே, அதான் அவர்கிட்ட வாங்கறேன்" என்று ஊரெல்லாம் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு துப்பாக்கியில் மருந்து போட்டுக் கொடுத்தவர் என் மருமகன், மகளின் கணவர். இடிக்கும் கம்பியில் ஒரு கோடு கீறியிருக்கும். எல்லாம் அடிவரை இறங்கியிருந்தால் அந்தக் கோடு குழலின் வாய்க்கு நேராக நிற்கும்.

போன அறுவடைக்கு இருபது நாள் முன்பு தக்கை தீர்ந்துவிட்டது. வழக்கமாக நான் செருப்பு வாருக்குப் போடும் மெல்லிய மேல்தோலில்தான் வெட்டுவேன். அன்று அது இல்லாததால் செருப்பின் அடித்தோலில் மிஞ்சிய துண்டுகளை எடுத்து, அதே வட்ட உளியால் பன்னிரண்டு வெட்டினேன். குழல் அளவுக்கு ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு கடையில் உண்டு. அதில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தன. அதன் பிறகுதான் தேன்மெழுகும் எண்ணெயும் காய்ச்சி அதில் முக்கி வெயிலில் வைத்தேன். மேல்தோல் முக்கினாலும் அளவு மாறாது. அடித்தோல் எண்ணெய் குடித்து உப்பும். இது எனக்குத் தெரியாதது இல்லை. இருந்தும் முக்கிய பிறகு குழாயில் விட்டுப் பார்க்கவில்லை.

தக்கைகளை எடுத்துக்கொண்டு அன்று மாலை ஐந்து மணிக்குக் கொல்லைக்குப் போனேன். மருமகன் மருந்து அளந்து ஒரே ஒரு முறைதான் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தக்கை இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் இடித்தார். குண்டையும் தள்ளிய பிறகு கம்பியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"மாமா, கோடு நாலு விரல் மேல நிக்குது."

நான் சொன்னேன்:

"தோல் தடிப்பு, அதான். குடு அவர்கிட்ட."

ஒரு தக்கையின் தடிப்பு அரை விரல்கூட வராது. தக்கை பாதியில் மாட்டிக்கொண்டு, மருந்துக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி நின்றிருக்கிறது. அப்படி நின்றால் சுடும்போது குழல் தாங்காது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. என் வேலையில் குறை என்று மருமகன் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு மைத்துனர் துப்பாக்கியை வாங்கி, வரப்பில் காலை ஊன்றிச் சுட்டார். குழல் பிளந்தது. அவருடைய இடது செருப்பு கழன்று வரப்பிலேயே கிடந்தது. நான் தைத்ததுதான். வார் அறுந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

மருமகனுக்கும் அவருக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் பேச்சு முற்றியிருந்தது தெருவுக்கே தெரியும். வேண்டுமென்றே இரட்டை மருந்து போட்டதாக மருமகன் மேல் கொலை வழக்கு வந்தது. என்னைக் கேட்டபோது, நான் கடையில் இருந்தேன், ஒன்றும் தெரியாது என்று பயத்தில் சொல்லிக் கைநாட்டு வைத்தேன். மருந்து போட்டது தான்தான் என்று மட்டும் மருமகன் சொன்னார், என் பேச்சையே எடுக்கவில்லை. சிறையில் போய்ப் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். "உங்க வயசுக்கு அந்தத் தரையில படுக்க முடியாது மாமா. அவ சாப்பிடறாளா?" என்றார்.

எட்டு மாதம் ஆகிறது. இதற்கிடையில் நூலகத்தில் மாலை வகுப்பு தொடங்கினார்கள். வீட்டில் தனியாக இருக்க முடியாமல் போய் உட்கார்ந்தேன். பேருந்துப் பலகை படிக்கத் தெரிந்த அன்று மூன்று பேருந்தை விட்டுவிட்டு நின்று படித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தில் மகள் வீட்டுக்குப் போய், அவள் பெட்டியில் வைத்திருந்த வழக்குத் தாள்களை எடுத்து எழுத்துக் கூட்டினேன். நான்காம் பக்கத்தில் நான் சொன்னது இருந்தது. சொன்னதோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. மகள் அடுப்படியிலிருந்து, "என்னப்பா, தெரியாத எழுத்தா?" என்று கேட்டாள். தெரிந்த எழுத்துதான் என்றேன். அதன் பிறகு இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மிச்சம் பதினொரு தக்கைகள் தகர டப்பாவில் இருந்தன. பித்தளைக் குழாய்த் துண்டோடு இன்று ஒப்படைத்திருக்கிறேன். ஒன்றுகூட அதில் இறங்காது, யார் வேண்டுமானாலும் விட்டுப் பார்க்கலாம். குழல் பிளந்திருப்பதும் மருந்து கிடக்கும் அடியில் இல்லை, ஒரு சாண் மேலே, தக்கை மாட்டிய இடத்தில். மருமகன் ஒரு பங்கு மருந்துதான் போட்டார். கோடு சரியில்லை என்று அவர் சொன்னார். அவரிடம் கொடு என்று சொன்னவன் நான். அந்தத் தரையில் படுக்கப் போர்வை கொண்டுவந்திருக்கிறேன்.

இதை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பழைய வாக்குமூலத்தில் உள்ள கைநாட்டு என்னுடையது, அதன் மேலே இருப்பது பொய். கீழே உள்ள கையெழுத்தும் என்னுடையது. இதன் மேலே இருப்பது நடந்தது.

(கையொப்பம்)